பழைய பிக்கப்பின் பிரேக், பட்டை, சக்கரம்: உப்புக்காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு

பழைய பிக்கப் ஒன்றை வாங்கியதும் நம் ராமநாதபுரம் பக்கத்தில் பெரும்பாலோர் முதலில் போவது டயர் கடைக்குத்தான். அலாய் வீல், அகலமான டயர், கையில் காசு மிஞ்சினால் பின்னால் பட்டையில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், இரண்டு இலை கூடுதல். நானும் அப்படித்தான் செய்தேன். மண்டபத்தில் நண்டு ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிய ஒரு விடியற்காலையில், உச்சிப்புளி தாண்டி ஆட்டு மந்தை ஒன்று சாலையில் ஏறியது. பெடலை மிதித்தேன், தரை வரைக்கும் போனது. இரண்டாவது மிதியில் பாதி பிடித்தது, மூன்றாவதில் வண்டி நின்றது. ஆடுகளுக்கும் எனக்கும் ஆயுசு கெட்டி. கழற்றிப் பார்த்தால் பின்பக்க வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஆயில். அதற்கு மேலே பளபளவென்று புது அலாய். பட்டறை மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, நிக்காத வண்டிக்கு எதுக்கு நகை?"

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை பிரேக், அப்புறம் பட்டையும் ஷாக் அப்சார்பரும், கடைசியில் சக்கரம். வாங்கும் ஆசை இதற்கு நேர் தலைகீழாகத்தான் வரும். நம் ஊரில் ஒரு லோடு வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் முழு லோடில் நேராக நிற்கவேண்டும், பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங் கையை விட்டு ஓடக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று: பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் பாதி மேம்பாடு என்பது, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான். அதைச் செய்யாமல் மேலே ஏற்றும் எந்தப் பாகமும் வீண் செலவு.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மண்டபம் பக்கம் வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கமும் கடல். 1914இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கும் மேலாக இந்த உப்போடு மல்லுக்கட்டியது. 2025இல் திறந்த புதிய தூக்குப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பெயின்டும் போட்டார்கள். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் நம் வண்டியின் பிரேக் பைப் எம்மாத்திரம்.

ஆனால் மீன் லோடு ஓட்டுகிறவர்களுக்குக் காற்றில் வரும் உப்பு இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, நேராகச் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேலும் பின்பட்டை மேலும் பிரேக் பைப் மேலும் சொட்டும். வேறு எதற்கும் முன்பு இதை முடித்துவிடுங்கள். தளத்துக்குச் சரிவு கொடுத்து, ஒரு மூலையில் துளை போட்டு, ஹோஸ் மாட்டி, அந்தத் தண்ணீரைக் கீழே ஒரு பிளாஸ்டிக் டேங்கில் பிடியுங்கள். சாலையில் வழியவிட்டால் பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார். லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை.

அடியில் படுத்துப் பார்ப்பது

வண்டியை மணலில் வைத்துத் தூக்காதீர்கள். ஜாக்கி புதைந்து சாயும். சிமென்ட் தளம்தான் நல்லது. இல்லையென்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கியதும் ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஒரு நிமிட வேலை என்றாலும்.

சிறு சுத்தியலால் சேஸை நெடுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இரும்பு சொத்தென்று. பட்டை தொங்கும் பிராக்கெட்டைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் அந்த வண்டிக்கு முதலில் வேண்டியது வெல்டிங் வேலை. அதை முடித்துவிட்டு இந்தக் கட்டுரைக்குத் திரும்பி வரலாம்.

சேஸில் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துரு கொஞ்சம் தள்ளிப்போவது உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் அதில் ஊறிக் கெட்டுப்போகும், சொட்டுவது டிரம்முக்குள்ளும் போகலாம். துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமர் அடித்து, அண்டர்கோட்டிங் போடுவதுதான் சரியான வழி.

பிரேக்: இங்கேதான் நேரமும் காசும் போக வேண்டும்

முதலில் பைப். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பின் ஆக்சில் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சொறி பிடித்ததுபோல் குழி குழியாக இருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், முழு நீளமும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் கிடைத்தால் அதையே போடுங்கள், உப்பை நன்றாகத் தாங்கும். ஏ.சி. வேலைக்கு வரும் வெறும் செம்புக் குழாய் கூடாது. அது அழுத்தத்திலும் அதிர்விலும் நாளடைவில் விரிசல் விடும். பைப் முனையை இரட்டை மடிப்பாக விரிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்துக்குப் போதாது.

ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பியிருக்கும். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். பலூன்போல விரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் கெட்டியாகும். ஆனால் மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள். உறை இல்லாவிட்டால் பின்னலுக்குள் உப்பு தங்கும்.

அடுத்தது பின் டிரம். கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. பக்கெட் கிட், அதாவது உள்ளே உள்ள ரப்பர் செட், மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். சிலிண்டர் உட்சுவர் கண்ணாடிபோல் இருந்தால் மாற்றலாம். துருப்புள்ளி ஒன்று இருந்தாலும் சிலிண்டரோடு மாற்றுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் அதே வேலை. ஆயில் பட்ட லைனிங்கைத் தேய்த்துக் கழுவிப் போடுவது ஏமாற்று வேலை. டிரம்மில் கோடு விழுந்திருந்தால் கடைசல் பிடிக்கலாம். ஆனால் எவ்வளவு வரை கடையலாம் என்ற அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் புது டிரம்தான். எது செய்தாலும் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

முன் டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள், கண் அளவு வேண்டாம். காலிப்பர் நகரும் பின்கள்தான் நம் ஊரில் முதலில் சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கப் பேட் காகிதமாகத் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்து, துருவை நீக்கி, சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் அங்கே போனால் ரப்பர் உப்பி, சரி செய்ததே கெடும். பேட் வாங்கும்போது லோடு வண்டிக்குச் செமி மெட்டாலிக் வகை நல்லது. சத்தம் கொஞ்சம் வரும், டிஸ்க்கும் கொஞ்சம் சீக்கிரம் தேயும், ஆனால் சூட்டில் பிடி விடாது.

பெரிய டிஸ்க் போடலாமா, பின்னாலும் டிஸ்க் ஆக்கலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். அதே மாடலின் பிந்தைய வருட வண்டியில் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் வந்து, அவை உங்கள் ஹப்பில் வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்தால் செய்யலாம். அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். வேறு வண்டியின் காலிப்பரை பிராக்கெட் வெல்டு வைத்து மாட்டுவதற்கு என் ஓட்டு கிடையாது. பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றவே மாற்றாதீர்கள். ஒழுங்காகப் பராமரித்த டிரம் லோடுக்குப் போதும், ஹேண்ட் பிரேக்கும் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடலோர ஈரக் காற்றில் இன்னும் வேகமாக. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு. உங்கள் மூடியில் டாட் 3 என்று எழுதியிருந்தாலும் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நான் வாடை தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் மாற்றிவிடுகிறேன். திறந்து வைத்த பாதி டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும், வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் வழக்கமாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும், பெடலை விடும் முன்பே நிப்பிள் மூடியிருக்க வேண்டும். மேலே டப்பாவில் ஆயில் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வற்றவிடாமல் பார்ப்பதற்கென்றே வீட்டில் ஒரு சின்னப் பையனை நிறுத்திவைக்கலாம், அவனுக்கும் பெருமை.

பெடல் மிதிக்குப் பலம் சேர்ப்பது பூஸ்டர், அதன் சோதனை எளிது. இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்காவிட்டால் வாக்குவம் ஹோஸையும், டீசல் வண்டி என்றால் வாக்குவம் பம்பையும் பாருங்கள்.

பின் ஆக்சிலுக்கு மேலே சேஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ பல பிக்கப்புகளில் இருக்கும். லோடு ஏற ஏற வண்டி தாழ்வதைப் பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று தீர்மானிப்பது அது. துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டை மாற்றி உயரம் மாறினால் இதையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பின்பக்கம் உயர்ந்துவிட்டால், முழு லோடு ஏற்றிய பிறகும் வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

புது பேட், புது லைனிங் உட்கார ஒரு பழக்கம் வேண்டும். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகும் சாலை காலையில் காலியாக இருக்கும், ஆடி அமாவாசை தை அமாவாசை நாட்களைத் தவிர. அங்கே 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை. நடுவில் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முடிந்ததும் சூடு ஆறும்வரை மெதுவாக ஓட்டிவாருங்கள்.

பட்டையும் ஷாக் அப்சார்பரும்

சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, சக்கர நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே பாடி விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரு விரல் அகலம் வித்தியாசம் என்றால் ஒரு பக்கப் பட்டை சோர்ந்துவிட்டது அல்லது உள்ளே ஓர் இலை உடைந்திருக்கிறது. பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். செலவு குறைவு, ஆனால் பழையபடி தொய்யும். நெருப்பில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதமே போய்விடும். கையில் காசு இருக்கும்போது இரண்டு பக்கமும் புது செட்.

கூடுதல் இலை போட்டால் வண்டி தூக்கி நிற்கும், பார்க்கக் கம்பீரம். காலியாகத் திரும்பும்போதுதான் தெரியும். பின்பக்கம் குதிக்கும், குதிக்கும் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது, பிரேக் போட்டால் பூட்டிக்கொண்டு வழுக்கும். இங்கே பாதி ஓட்டம் காலி ஓட்டம்தான். இன்னொன்றும் உண்டு. எத்தனை இலை சேர்த்தாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மாறாது. பட்டை தாங்கிய எடையை ஆக்சிலும் பேரிங்கும் பிரேக்கும் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. கரிமூட்டை, உப்பு மூட்டை என்று எப்போதும் முழு எடை ஏற்றுகிறவர்கள் வேண்டுமானால் கம்பெனி அளவிலேயே ஹெல்ப்பர் பட்டை உள்ள செட்டைத் தேடலாம். லோடு ஏறி அமுங்கியபின்தான் அது வேலைக்கு வரும், காலி ஓட்டத்தைக் கெடுக்காது.

மாட்டும்போது மூன்று விஷயம். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் கண்டிப்பாகப் புதிது, ஒருமுறை இழுத்து இறுக்கியது மறுமுறை அதே பிடி தராது. சென்டர் போல்ட் தலை ஆக்சில் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரல் விட்டுப் பாருங்கள், உட்காராவிட்டால் ஆக்சில் கோணலாகி வண்டி நண்டுபோல் ஓடும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் கெட்டி, நாள்படும், ஆனால் அதிர்வு கூடும். நான் ரப்பருக்கே திரும்பிவிட்டேன். பட்டை முனையைத் தாங்கும் ஷேக்கிளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் மீன் லோடு வண்டிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கன் வைத்து அடியுங்கள், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை.

ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்த தடம் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். காரில் செய்வதுபோல் மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனை பிக்கப்பில் எடுபடாது, பட்டையே அழுந்தாது. கேஸ் நிரப்பிய வகை, நீளம் கம்பெனி அளவு. வண்டியை நாலு அங்குலம் தூக்கும் லிஃப்ட் கிட் பக்கம் போகாதீர்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் பெட்டி கட்டிய வண்டியோடு பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமில்லை.

முன்பக்கம் சில வண்டிகளில் பட்டை, சிலவற்றில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. எதுவானாலும் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின், பால் ஜாயின்ட், வீல் பேரிங் மூன்றில் ஒன்று.

கடைசியில் சக்கரம்

லோடு வண்டிக்கு இரும்பு ரிம் போதும். அடி வாங்கினால் வளையும், பெரும்பாலும் தட்டி எடுக்கலாம். அலாய் விரிசல் விடும். உப்பில் அலாயின் உள் விளிம்பு வெள்ளை பூத்து, டயர் உட்காரும் இடத்தில் காற்றுக் கசியும். ஆசை விடவில்லை என்றால், ரிம்மின் பின்புறம் பொறித்த எடைத் திறனைப் பார்த்து வாங்குங்கள். போல்ட் வட்டம், ஹப் துளை, உள்வாங்கல் (ஆஃப்செட்) மூன்றும் பொருந்த வேண்டும். பழைய ரிம்மின் நட்டு புது ரிம்மில் உட்காராமல் போகலாம், கூம்பு வடிவம் வேறு உருண்டை வடிவம் வேறு. ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளுவது பேரிங்குக்கு எமன்.

டயர் எண்ணை ஒருமுறை கணக்குப் போட்டுப் பழகுங்கள். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச் சுவர் அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மி.மீ. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மொத்த உயரம் 381 கூட்டல் இரண்டு சுவர், ஏறத்தாழ 703. இதையே 235/75 ஆர் 15 ஆக்கினால் 733. நாலு சதவீதத்துக்கு மேல் பெரிது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதே பெடல் மிதிக்குப் பிரேக்கின் பிடியும் அந்த அளவு குறையும். பிரேக்குக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தைச் சக்கரத்தில் திருப்பிக் கொடுத்த மாதிரி. உங்கள் மாடலின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவு வரை போங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போகும்போது டயர் பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேச்சு வளரும்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்தான் எடைக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1000. கார் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதே அளவில் போட்டுவிடாதீர்கள், இந்த எண் குறைந்திருக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதியும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம். கடையில் நாலு வருடம் வெயிலில் கிடந்ததைப் புதிது என்று விற்பார்கள்.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றி ராமநாதபுரத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரம் கட்டினாலே ஒன்று ஏறும். டியூப்லெஸ் போட்டால் முள் குத்தியும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், மீன் ஏலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ரிம்மின் உள்விளிம்பு துரு இல்லாமல் இருந்தால் மட்டும் டியூப்லெஸ்.

காற்று அழுத்தம் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் இருப்பதுதான். காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. மணலில் சிக்கினால் 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி மெதுவாக வெளியே வந்து, தார்ச்சாலை ஏறியதும் நிரப்பிவிட வேண்டும். அதற்காக தனுஷ்கோடி மணலில் இறங்கிப் பார்க்காதீர்கள். அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது, மணல் கடலாமை முட்டையிடும் இடம்.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசி, பட்டைக்கும் புஷ்ஷுக்கும் முன்பு செய்தால் இரட்டைச் செலவு.

வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, முதல் முழு லோடு இறக்கியதும் ஒருமுறை, வீல் நட்டையும் யூ போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். புதுப் பட்டை அமுங்கி உட்கார்ந்திருக்கும், யூ போல்ட் நட்டு கால் சுற்றாவது ஏறும். பரமக்குடி பக்கம் ஏதாவது டீக்கடை நிழலில் நிறுத்தி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.